மலை விட்ட இடைவெளிகள்

விழுப்புரத்துக்கு வடக்கே உள்ள பனமலையில், பல்லவ மன்னன் இராசசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் ஒரு பாறைக்குன்றின் மேல் நிற்க, குன்றின் அடியில் ஏரி விரிந்து கிடக்கிறது. கோயிலில் எஞ்சியிருக்கும் பார்வதி ஓவியத்தைக் காண வருவோர் ஏரியின் கரையைப் பொருட்படுத்துவதில்லை; ஆனால் இதே மாவட்டத்தின் மிகப் பெரிய கட்டுமானமான செஞ்சிக் கோட்டை மதிலைப் புரிந்துகொள்ள விரும்புவோர் ஒரு கோட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் ஓர் ஏரிக்கரையைப் பார்த்துவிடுவது நல்லது.

தேங்கி நிற்கும் நீர் ஆழத்துக்கு ஏற்ப அழுத்தும். நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறக்குறைய 1 டன் எடையும், 3 மீட்டர் ஆழத்தில் 3 டன் எடையும் விழுகின்றன. அதனால்தான் கரை எப்போதும் அடியில் அகன்றும் தலையில் குறுகியும் அமைகிறது. அதன் நீர்ப்பக்கத்தில் அலை அரிக்காதபடி கல் பாவுவார்கள். உள்ளே இருப்பது மண் மட்டுமே. தேய்மானத்தைத் தாங்குவது கல்லின் வேலை, எடையால் நிலைத்து நிற்பது மண்ணின் வேலை என்ற இந்தப் பங்கீடு மிக மலிவானது, மிகப் பழையதும்கூட. கரை எங்கே போடப்படுகிறது என்பது இன்னும் முக்கியம். நிலம் தானாகவே மேடாக இருக்கும் இடத்தில் யாரும் கரை போடுவதில்லை. மேட்டுக்கும் மேட்டுக்கும் இடையே, குன்றுக்கும் குன்றுக்கும் இடையே, நீர் தப்பி ஓடக்கூடிய இடைவெளியில்தான் போடுகிறார்கள். குன்று செய்யாமல் விட்ட வேலையைக் கரை செய்து முடிக்கிறது.

செஞ்சியின் மதில் இந்த இரண்டு வழக்கங்களையும் நீரிலிருந்து பகைவனுக்கு மாற்றிக்கொண்ட கட்டுமானம் என்று கூறுவது மிகையாகாது.

திண்டிவனத்துக்கு மேற்கே திருவண்ணாமலை செல்லும் சாலையில், இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி (உள்ளூரில் சந்திராயன் துருக்கம்) என்னும் மூன்று மலைகள் ஒரு கோணல் முக்கோணத்தின் முனைகளாக நிற்கின்றன. இவற்றுள் உயரமான இராசகிரி சுற்று நிலத்திலிருந்து ஏறக்குறைய 240 மீட்டர் எழுகிறது. மூன்றையும் இணைத்து ஓடும் மதில்களின் மொத்த நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் என்று கூறப்படுகிறது. சமதளத்தில் ஓடும் பகுதியில் மதிலின் கனம் சில இடங்களில் 20 மீட்டரைத் தொடுகிறது, அதற்கு வெளியே 24 மீட்டர் அகலத்துக்கு அகழி வெட்டப்பட்டுள்ளது. அதே மதில் மலைச்சரிவில் ஏறத் தொடங்கியதும் மெலிகிறது. செங்குத்தான பாறை எதிர்ப்பட்ட இடத்தில் நின்றேவிடுகிறது. பாறை முடிந்த மறுபக்கத்தில், ஒன்றும் நடவாததுபோல மீண்டும் தொடங்குகிறது. வரைபடத்தில் இந்த விட்டுவிட்டு ஓடும் கோட்டைப் பார்க்கிறவர்களுக்கு இடிந்துபோன சுவர் என்ற எண்ணம் எழக்கூடும். அது இடிந்த சுவர் அன்று, தேவைப்படாத இடத்தில் கட்டப்படாத சுவர்.

கோட்டை இலக்கணம் பேசிய பழந்தமிழர் இதை நன்கு அறிந்திருந்தனர். திருக்குறளின் அரண் அதிகாரத்தில், காக்க வேண்டிய இடம் சிறிதாகவும் உள்ளே இருக்கும் இடம் பெரிதாகவும் அமைவது அரணின் இயல்பாகக் கூறப்படுகிறது. முதல் பார்வைக்கு இது வடிவியலுக்கு முரணாகத் தோன்றும். உள்ளிடம் பெருகினால் சுற்றளவும் பெருகத்தானே வேண்டும்? வாயிலும் வழியும் அல்லாத இடங்களை மலையும் காடும் நீர்நிலையும் காத்துக்கொள்வதால் மனிதர் காக்க வேண்டியது சிறிதாகிறது என்னும் பொருள்பட உரையாசிரியர் பரிமேலழகர் இந்த முடிச்சை அவிழ்க்கிறார். செஞ்சியைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருக்கிறது அந்த விளக்கம்.

தமிழில் மதிலைக் குறிக்கும் சொற்களின் எண்ணிக்கையே ஒரு செய்தி. எயில், இஞ்சி, புரிசை, நொச்சி என்று அவை நீள்கின்றன. மதிலின் தலையில் பல்வரிசைபோல நிற்கும், வீரன் பின்னால் மறைந்துகொள்ளும் உறுப்புக்கு ஞாயில் என்றும், மதிலின் உட்புறம் வீரர் நின்று போரிடும் மேடைக்குப் பதணம் என்றும், அகழிக்குக் கிடங்கு என்றும் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. முற்றுகையிடுவது உழிஞை, முற்றுகையை எதிர்த்து மதில் காப்பது நொச்சி எனப் புறத்திணைகளே இதற்காக வகுக்கப்பட்டன. சிறுபாணாற்றுப்படையின் தலைவனான ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர் கிடங்கில்; அது இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதி. கிடங்கு என்றால் அகழி என்று நினைவில் கொண்டால், ஊர்ப்பெயரே ஒரு கோட்டையின் சான்றாகிவிடுகிறது.

இனி, இந்த மலைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்ற கேள்விக்கு வரலாம். செஞ்சி வட்டாரத்தின் கருங்கல் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு மெல்ல மெல்ல ஆறி, குவார்ட்சு, பெல்ட்சுபார், அபிரகம் ஆகிய கனிமங்களின் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உருவான பாறை அது. மேலே இருந்த பல கிலோமீட்டர் கனமுள்ள பாறை காலப்போக்கில் அரித்துப் போனபோது, அழுத்தம் குறைந்த கருங்கல் விரிந்து, வெங்காயச் சருகுபோலத் தகடு தகடாகப் பிளந்தது. இதைத் தகடுரிதல் எனலாம். பாறையில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் இயல்பான வெடிப்புகளின் வழியே மழைநீர் இறங்கி, பெல்ட்சுபாரைக் களிமண்ணாக மாற்றிக்கொண்டே வந்தது. சதுரக் கட்டிகளாக இருந்தவற்றின் மூலைகள் மூன்று பக்கத்திலிருந்தும் தாக்கப்படுவதால் முதலில் கரைந்தன, விளிம்புகள் அடுத்துக் கரைந்தன, முகங்கள் கடைசியாக. ஆகவே கட்டி உருண்டையாயிற்று. களிமண்ணை மழை கழுவிப் போனபின், யாரோ கையால் அடுக்கி வைத்ததுபோல உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. செஞ்சிக்கு வந்து இறங்குகிறவர்களைத் திகைக்க வைக்கும் அந்தக் காட்சிக்குப் பின்னால் அரக்கரும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. நீரும் நேரமுமே உண்டு.

இந்த உருண்டைப் பாறைகள் இரண்டு விதத்தில் பயன்பட்டன. மதில் ஓடும் வழியில் கிடந்தவை மதிலின் பகுதியாகவே சேர்த்துக் கட்டப்பட்டன. மற்றவை உடைக்கப்பட்டுக் கட்டுக்கல்லாயின. கருங்கல்லை உடைப்பது வலிமையால் ஆகும் காரியம் அன்று. அமுக்கும்போது மலையளவு எடையைத் தாங்கும் இந்தக் கல், இழுக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விசையிலேயே விட்டுக்கொடுத்துவிடும். கல்தச்சர்கள் இதை ஏட்டில் படிக்கவில்லை, கையால் அறிந்திருந்தார்கள். பாறையின் போக்கு எந்தப் பக்கம் என்று தட்டிப் பார்த்து, அந்தப் போக்கில் ஒரே கோட்டில் சாண் இடைவெளிக்குச் சிறு குழிகளை உளியால் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆப்பு வைத்து, வரிசையாக ஒவ்வோர் அடியாகச் சம்மட்டியால் இறக்கிக்கொண்டே போவார்கள். ஆப்பு கல்லை நசுக்குவதில்லை, இரு பக்கமும் விலக்குகிறது. அதாவது கல்லின் பலவீனமான குணத்தை மட்டும் தேடிப் பிடித்துத் தாக்குகிறது. அடியின் ஓசை கணீரென்பது மாறி மந்தமாக ஒலிக்கும்போது, உள்ளே வெடிப்பு ஓடிவிட்டது என்று பொருள். இப்படிப் பிளந்த கல்லின் விளிம்பில் அரைக்குழிகள் பல்தடம்போல வரிசையாக நிற்கும். மறுபாதிக் குழிகள் பிளந்துபோன இன்னொரு துண்டில் இருக்கும்.

கல்வேலையில் இந்த வட்டாரத்துக்குச் செஞ்சிக் கோட்டையைவிடப் பல நூற்றாண்டு மூத்த அனுபவம் உண்டு. செஞ்சியிலிருந்து விழுப்புரம் செல்லும் வழியிலுள்ள மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் கோயில் எடுத்ததாக ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமையாகப் பொறித்தான். மலையைக் குடைந்தவர்களின் வழித்தோன்றல்கள் மலையைப் பிளக்கவும் கற்றிருந்ததில் வியப்பில்லை.

மதிலின் உடலமைப்பு ஏரிக்கரையின் உடலமைப்பே. வெளிமுகத்தில் ஒழுங்காகக் கொத்திய கருங்கல், உள்முகத்திலும் கல், நடுவே மண்ணும் உடைகல்லும். வெளிமுகம் நிமிர்ந்து நிற்பதில்லை, சற்றே உட்சாய்ந்து எழுகிறது. உள்ளிருக்கும் மண் கல்முகத்தை வெளியே தள்ளப் பார்க்கும்போது, சாய்ந்த கல்லின் எடையே அதைத் திருப்பித் தள்ளுகிறது. இரண்டு முகங்களும் மண்ணைவிட்டுப் பிரிந்து போகாதபடி, ஆங்காங்கே நீண்ட கற்களைக் குறுக்கே செலுத்தி உடலுக்குள் ஊன்றுவார்கள். மதிலின் தலைப்பகுதியில், ஞாயில்களும் துப்பாக்கித் துளைகளும் உள்ள இடத்தில், செங்கல்லும் சுண்ணாம்பும் இடம்பெறுகின்றன. சுண்ணாம்புக்கல்லையோ கடற்கரைக் கிளிஞ்சலையோ ஏறக்குறைய 900 பாகை செல்சியசில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலோடு அரைத்துப் பூசியபின் அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் கல்லாகிவிடும். சூளையில் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெறும் இந்தச் சுற்று முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். தமிழகக் கொத்தர்கள் சாந்தில் கடுக்காய் ஊறிய நீரையும் பனைவெல்லத்தையும் சேர்த்து அரைத்தது பதத்துக்காகவும் உறுதிக்காகவும்தான்.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஏனெனில் இந்த மதிலில் யாருடைய கல் எது என்று பிரிப்பது பல இடங்களில் இயலாத காரியம். மரபு இதன் தொடக்கத்தை 1200-ஐ ஒட்டிய காலத்தில் ஆனந்தக்கோன் என்னும் இடையர் குலத் தலைவனோடு இணைக்கிறது. விசயநகர ஆட்சியின்கீழ் வந்த நாயக்கர்கள் 16-ஆம் நூற்றாண்டில் இதைப் பெருநகரமாக்கினர். 1597-இல் வந்த பிமெந்தா என்னும் ஏசுசபைத் துறவி, லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுகலின் எந்த நகரையும் விட இது பெரிது என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். 1649-இல் பீசப்பூர், 1677-இல் சிவாசி, 1698-இல் முகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர், 1780-இல் ஐதர் அலி எனக் கைகள் மாறின. தோற்றவன் இடித்த இடத்தில் வென்றவன் கட்டினான். கட்டும்போது முன்பிருந்ததைவிடச் சற்றுத் தடிப்பாகக் கட்டினான். அந்தத் தடிப்புக்குக் காரணம் பீரங்கி.

அம்பையும் கவணையும் தடுக்க உயரம் வேண்டும். பீரங்கிக் குண்டைத் தடுக்க உயரம் உதவாது, கனம்தான் வேண்டும். 24 இராத்தல், அதாவது ஏறக்குறைய 11 கிலோ எடையுள்ள இரும்புக் குண்டு, 18-ஆம் நூற்றாண்டின் நல்ல பீரங்கி ஒன்றிலிருந்து வினாடிக்கு 450 மீட்டர் வேகத்தில் புறப்படுவதாகக் கொண்டால், அதன் இயக்க ஆற்றல் 11 இலட்சம் ஜூல். பத்து டன் எடையுள்ள ஒரு பேருந்து மணிக்கு 50 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் வந்து மோதினால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. ஆனால் பேருந்தின் அகலத்தில் அன்று, 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தில். தனிக் கல்லால் ஆன மெல்லிய சுவர் இந்த அடியில் சிதறும், சிதறிய சில்லுகளே உள்ளிருப்பவரைக் கொல்லும். மண்ணோ சிதறுவதில்லை, துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து ஆற்றலைச் சூடாக்கித் தின்றுவிடும். கல்முகம் உடைந்தாலும் குண்டு மண்ணுக்குள் புதைந்து நின்றுபோகும். சிவாசி இந்தக் கோட்டையைக் கைப்பற்றியதும் பழைய அரண்களைப் பெருமளவில் திருத்திக் கட்டியதையும், அகழி வெட்டியதையும் அக்காலத்து ஏசுசபையினரின் கடிதங்கள் குறிப்பிடுகின்றன.

மலையின் உயரம் பீரங்கியிடமிருந்து எப்படிக் காக்கிறது என்பதில் பொதுவாக ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. குண்டை மேலே ஏற்றுவதில் அதன் ஆற்றல் தீர்ந்துவிடும் என்று நினைப்பார்கள். 11 கிலோ குண்டை 240 மீட்டர் உயர்த்தச் செலவாகும் ஆற்றல் 26 ஆயிரம் ஜூல்; புறப்பாட்டு ஆற்றலில் நூற்றுக்கு இரண்டு பங்கைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். உண்மையான தடை கோணத்தில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்து இராசகிரி உச்சியை வெறுமனே நோக்குவதற்கே குழலை 13 பாகைக்கு மேல் நிமிர்த்த வேண்டும். அடிவாரத்தை நெருங்க நெருங்கக் கோணம் இன்னும் கூடும். அக்காலத்துப் பீரங்கி வண்டிகள் குழலை அவ்வளவு நிமிர்த்தும்படி அமைந்தவை அல்ல. விலகிப் போனால் கோணம் குறையும், ஆனால் காற்றின் உராய்வு குண்டின் வேகத்தைத் தின்றுவிடும். கிட்டவும் போக முடியாது, எட்டவும் நிற்க முடியாது.

குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது அந்நாளில் நில அளவையாகவும் பயன்பட்டது. செஞ்சியிலிருந்து ஆண்ட மராத்திய அரசர் இராசாராம், 1690-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கும்பினிக்கு விற்றபோது, கோட்டையிலிருந்து சுடும் குண்டு போய் விழும் எல்லைக்குள் இருக்கும் ஊர்களும் விற்பனையில் அடங்கும் என்று ஒப்பந்தமாயிற்று. கும்பினியார் வெகுதூரம் சுடும் பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து எல்லாத் திசைகளிலும் சுட்டனர். அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் நிலைத்தது. எறிபொருளின் இயற்பியல் பட்டா எழுதிய இடம் உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

இராசாராம் கோட்டையை விற்றுப் பணம் திரட்டியதற்குக் காரணம், அதே 1690-இல் முகலாயத் தளபதி சுல்பிகார் கான் செஞ்சியை முற்றுகையிட வந்ததுதான். அந்த முற்றுகை விட்டும் தொட்டும் 1698 வரை நீடித்தது. ஏன் அவ்வளவு காலம் என்பதற்கு அரசியல் காரணங்கள் பல உண்டு. தளபதி வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்ற ஐயம் அப்போதே இருந்தது. ஆயினும் ஓர் எளிய கணக்கும் உண்டு. உட்குழிவு இல்லாத எந்த வடிவத்தையும் அதன் விளிம்பிலிருந்து சீராக 1 கிலோமீட்டர் தள்ளி வளைத்தால், வளையத்தின் நீளம் உள்வடிவத்தின் சுற்றளவைவிடச் சரியாக 6.28 கிலோமீட்டர் கூடும். உள்வடிவம் சிறிதா பெரிதா, வட்டமா முக்கோணமா என்பதைப் பற்றி இந்தக் கணக்குக்குக் கவலை இல்லை. உள்ளிருப்பவன் இடைவெளிகளை மட்டும் காத்தால் போதும்; வெளியே இருப்பவனோ பாறைக்கு எதிரிலும் ஆள் நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் தானியமும் செய்தியும் மனிதரும் அந்த வழியே புகுந்து வெளியேறுவார்கள். அப்படியே நடந்தது. சந்தாசி கோர்படே, தனாசி சாதவ் ஆகிய மராத்தியத் தளபதிகள் வெளியிலிருந்து முகலாயரின் வழங்கல் வண்டிகளைத் தாக்க, முற்றுகையிட்டவர்களே பட்டினியில் முற்றுகைப்பட்ட காலமும் உண்டு. கோட்டை வீழ்ந்தபோது இராசாராம் உள்ளே இல்லை. முன்னதாகவே தப்பிப் போயிருந்தார்.

இதற்கு நேர்மாறாக, 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தார். மதிலை அவர் உடைக்கவில்லை. வெடிமருந்து நிரப்பிய உலோகக் கலத்தைக் கதவில் பொருத்திக் கொளுத்தி, வாயில் வாயிலாகத் தகர்த்துக்கொண்டே ஏறினார். வெளியே நடந்த சண்டையில் தோற்று ஓடிவந்து உள்ளே ஒண்டியிருந்த படைக்கு எதிர்த்து நிற்கும் நெஞ்சுரம் இருக்கவில்லை. இராசகிரியின் உச்சிக்கு முன்னால் ஏறக்குறைய 7 மீட்டர் அகலமும் 18 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு பிளவு குறுக்கிடுகிறது. அதன்மேல் போட்ட மரப்பாலத்தை இழுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை யாரும் அணுக முடியாது. அந்தப் பாலத்தை இழுக்க வேண்டியவர்கள் அன்று அதற்கான மனநிலையில் இல்லை. 1714-இல் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராசனின் கதையும் மதிலைப் பொறுத்தவரை இதே வகைதான்: ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும்படையை மதிலுக்குப் பின்னாலிருந்து எதிர்கொள்ளாமல், சிறுபடையோடு வெளியே குதிரையேறிப் போய்த் திறந்த வெளியில் போரிட்டு மாண்டார். நாட்டுப்பாடலுக்கு அது உகந்த முடிவு. 20 மீட்டர் கனத்துக்கு மதில் எழுப்பியவர்களுக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்பது வேறு.

பிரெஞ்சுக்காரரின் பத்தாண்டில் மதிலைத் தாண்டி உள்ளே வந்த பகை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் காய்ச்சலால் மட்டும் 1,200 ஐரோப்பிய வீரர்களை அவர்கள் செஞ்சியில் இழந்ததாகக் கூறப்படுகிறது. கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட ஆற்காட்டுப் பகுதியிலேயே மிகவும் நோய் மலிந்த இடம் என்று ஐரோப்பியர்கள் இதை அஞ்சினர். கெட்ட காற்றே காரணம் என்று அவர்கள் நம்பினர். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் சிக்கந்தராபாத்தில் கண்டறிந்தது 1897-இல். அதை அறிந்தபின் செஞ்சியைப் பார்த்தால் விளங்கும்: அகழி, ஆனைக்குளம், செட்டிக்குளம், சக்கரக்குளம், பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீர் என்று முற்றுகையைத் தாங்குவதற்காகச் சேமித்த ஒவ்வொரு நீர்நிலையும் கொசுவுக்கு ஒரு தொட்டில். உள்ளூர் மக்களின் உடல் தலைமுறை தலைமுறையாக இந்தக் காய்ச்சலோடு ஓரளவு பழகியிருந்தது. புதிதாகக் கப்பலேறி வந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

நீரைச் சேமிப்பதைப் பற்றிப் பேசும்போது கல்யாண மகாலைக் குறிப்பிடாமல் விட முடியாது. சதுர முற்றத்தின் நடுவே அடுக்கடுக்காக எழும் அந்தக் கோபுரத்தின் மேல்மாடங்களுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள குளத்திலிருந்து மண்குழாய் வழியே நீர் ஏற்றப்பட்டது. மூடிய குழாயில் ஓடும் நீர் தான் புறப்பட்ட மட்டம் வரை தானாகவே ஏறும் என்ற எளிய விதியே அதற்குப் போதுமானது; ஏற்றமும் வேண்டாம், கவலையும் வேண்டாம்.

இவ்வளவு பெரிய மதில் ஏன் எஞ்சியது என்ற கேள்விக்கு, பிற ஊர்களின் மதில்களைப் பார்த்தால் விடை கிடைக்கும். இங்கிலாந்தின் யார்க் நகரில் இன்றும் ஏறக்குறைய 3.4 கிலோமீட்டர் நீளத்துக்கு இடைக்கால மதில் நிற்கிறது. சமநிலத்தில், ஆற்றங்கரையில், மண்மேட்டின் மேல் வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல்லால் கட்டிய மதில். அங்கே துணைக்கு மலை இல்லாததால் மதில் ஊரின் பெரும்பகுதியைச் சுற்றியாக வேண்டியிருந்தது. 1800-இல் அந்த நகர நிர்வாகமே போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மதிலை இடிக்க அனுமதி கேட்டது. மக்களின் எதிர்ப்பால் பெரும்பகுதி தப்பினாலும், வாயில்களுக்கு முன்னால் நீண்டிருந்த காவற்கூடங்களில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. சென்னையின் கதை இன்னும் சுருக்கமானது. ஐதர் அலிக்கு அஞ்சி 18-ஆம் நூற்றாண்டில் கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலில், பழைய சிறைச்சாலை சாலையில் மாடிப்பூங்காவாக நிற்கும் ஒரு துண்டும், மதிலுக்காக விதிக்க எண்ணிய வரியின் பெயரைத் தாங்கிய வால்டாக்ஸ் சாலையும்தான் மிச்சம். வளரும் ஊர் தன் மதிலைத் தின்றுவிடும். செஞ்சியில் ஊர் சுருங்கியது. பேட்டையும் சந்தையும் கிழக்கே விலகிப் போய்விட்டன. காய்ச்சலுக்கு அஞ்சிப் படையும் நிற்கவில்லை. திண்டிவனம்–திருவண்ணாமலைச் சாலை மட்டும் மதிலை ஊடறுத்துக்கொண்டு போகிறது. எடுத்துச் செல்லத் தக்கவை போயின: வெங்கடரமணர் கோயிலின் வேலைப்பாடு மிக்க ஒற்றைக்கல் தூண்கள் பிரெஞ்சுக்காரரோடு புதுச்சேரிக்குப் போய், இன்று கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. மதிலின் கல் அவ்வளவு அழகானதும் அன்று, அவ்வளவு இலேசானதும் அன்று.

1921-இல் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் வந்தது. 2025 சூலையில், இந்தியாவின் மராத்தியப் போர்நிலவமைப்புகள் என்னும் தலைப்பின்கீழ் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளுள் செஞ்சியும் ஒன்று. மற்ற 11 கோட்டைகளும் மகாராட்டிரத்தில் உள்ளவை. கோனார்களும் நாயக்கர்களும் இட்ட அடித்தளத்துக்கு மேல் மராத்தியர் இருபதாண்டு செய்த வேலையின் பெயரால் இந்த மதில் உலகப் பட்டியலில் ஏறியிருப்பதை இவ்வட்டாரத்தார் சற்றுப் புன்னகையோடுதான் படிப்பார்கள்.

மதிலுக்கு இன்றைய பகை மழையும் மரமுமே. மழைநீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு அதை மெல்லிய அமிலமாக்குகிறது. அந்த நீர் சாந்தில் ஊறிச் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோய்க் கல்லின் முகத்தில் வெள்ளைக் கோடுகளாக வடித்துவிடுகிறது. சாந்து போன சந்தில் பறவையின் எச்சத்தோடு விழும் அரசவிதை முளைக்கிறது. அதன் வேர் தடித்துச் செய்வது கல்தச்சனின் ஆப்பு செய்த அதே வேலைதான்: நசுக்காமல் விலக்குகிறது. மரத்தை மேலே வெட்டினால் பயனில்லை, அடிவேர் மீண்டும் துளிர்க்கும். வேரோடு பிடுங்கினாலோ கல்லும் சேர்ந்து வரும். உள்ளிருக்கும் மண் நீரில் ஊறிக் கனத்தால், வடிய வழியில்லாதபோது அது ஏரி நீரைப்போலவே பக்கவாட்டில் அழுத்தத் தொடங்குகிறது. வெளியிலிருந்து வந்த எந்தப் பீரங்கியையும் விட உள்ளிருக்கும் இந்த ஈரமண் மதிலை வெளியே தள்ளுவதில் வல்லது.

பனமலை ஏரிக்கரையில் இதே நிகழ்ந்தால் ஊரார் கண்டுகொள்வார்கள். கரையில் நண்டுவளையோ, வேரோடிய பொத்தலோ, கசிவோ தென்பட்டால் மண்கொட்டி அடைப்பது குடிமராமத்து என்ற பெயரில் தலைமுறையாக வந்த வழக்கம். கரை போனால் நெல் போகும். செஞ்சி மதில் போனால் யாருடைய நெல்லும் போகாது. ஆகவே அங்கே பார்க்க வேண்டியவர் சம்பளத்துக்குப் பார்ப்பவர். அவருக்கும் நல்ல காலம் ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள்தான். மதிலின் முகம் வெயிலில் காய்ந்து வெளுத்துக்கொண்டிருக்கும்போது, சில சந்துகளின் கீழே மட்டும் கருமையாக ஈரம் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த ஈரத்துக்கு மேலே எங்கோ ஓர் இடத்தில் சுண்ணாம்பு இல்லை. வெயில் ஏறுவதற்குள் அந்தச் சந்துகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாலைக்குள் மதில் முழுவதும் ஒரே நிறமாகிவிடும்.